சொன்ன நேரத்துக்கு வண்டி எடுத்தவர்

1911 திருநெல்வேலிச் சீமைக்கு நல்ல ஆண்டாக விடியவில்லை. வ.உ. சிதம்பரம் பிள்ளை சிறையில் கிடந்தார். அவர் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி அந்த ஆண்டில்தான் கலைக்கப்பட்டது. ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு ஊர் ஊராகச் சோதனை, கைது, விசாரணை. சொந்த முதலீட்டில் ஒரு பெருந்தொழிலைத் தொடங்கி நடத்தலாம் என்ற நம்பிக்கை இந்த மாவட்டத்தில் அடிபட்டுப் போயிருந்த காலம் அது.

அதே 1911ஐத்தான் டி.வி.எஸ். குழுமம் தான் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறது. அதைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் இந்த மாவட்டத்துக்காரர். திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி பிறந்தவர். சிதம்பரம் பிள்ளைக்கு ஐந்து வயது இளையவர். இருவரும் வழக்கறிஞர் தொழிலில் இருந்து வந்தவர்கள். இதை வைத்து இருவருக்கும் ஏதோ உறவு இருந்ததாகச் சொல்ல வரவில்லை. ஒருவர் தேசத்துக்காகத் தொழிலில் இறங்கினார். மற்றவர் தொழிலுக்காகவே தொழிலில் இறங்கினார். ஆனால் இந்த இரண்டு முயற்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். கடலில் பிரிட்டிஷ் கம்பெனி இருந்தது; அதற்குப் பின்னால் அரசாங்கமே நின்றது. இருப்புப் பாதையில் தென்னிந்திய ரயில்வே இருந்தது. கட்டைவண்டி போய்க்கொண்டிருந்த சாலையில் மட்டும் பெரிய கை எதுவும் இன்னும் படியவில்லை. சுந்தரம் ஐயங்கார் பிடித்தது அந்தச் சாலையை.

தாமிரபரணிக் கரையில் வெளியாகும் ஒரு மலரில் திருக்குறுங்குடிக்காரரைப் பற்றி எழுதும்போது ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வள்ளியூருக்கும் களக்காட்டுக்கும் நடுவே, மகேந்திரகிரி அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே ஓடும் நம்பியாறு தாமிரபரணியில் சேருவதில்லை. தனியாகவே கடலுக்குப் போகிறது. ஆனாலும் பாபநாசத்துக்காரரும் குறுங்குடிக்காரரும் வெளியூரில் சந்தித்தால் 'நம்ம திருநெல்வேலி' என்றுதான் பேசத் தொடங்குவார்கள். ஒரே மலையின் தண்ணீரைக் குடித்தவர்கள்.

நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று திருக்குறுங்குடி. நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என்று பெருமாள் ஐந்து கோலங்களில் இருக்கிறார். பெருமாள் கோயிலுக்கு உள்ளேயே சிவன் சந்நிதியும் உண்டு. திருமங்கையாழ்வார் பரமபதம் அடைந்தது இந்த ஊரில்தான் என்பது வைணவ மரபு. இவ்வளவுக்கும் மேலாக இந்த ஊரின் அடையாளம் என்று நான் கருதுவது கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசி இரவில் நடக்கும் நாடகம். நம்பாடுவான் என்ற பாணர் நம்பியைப் பாடப் போகிறார். வழியில் பிரம்மராட்சசன் மறிக்கிறான். 'பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் என்னைத் தின்றுகொள்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். பாடி முடித்ததும், தப்பிப் போக வழி இருந்தும், சொன்னபடி ராட்சசனிடமே திரும்பி வருகிறார். கொடுத்த சொல்லுக்காகக் குறித்த வேளையில் திரும்பி வருபவனின் கதையை ஆண்டுதோறும் விடிய விடியப் பார்த்த ஊர் இது. வழக்கிழந்திருந்த அந்த நாடகத்துக்கு 1999இல் மறுபடியும் உயிர் கொடுத்தவர்களில் ஒருவர், சுந்தரம் ஐயங்காரின் குடும்பத்தில் வந்த நடனக் கலைஞர் அனிதா ரத்னம். நாடகத்தை நெறிப்படுத்தியவர் சே. இராமானுஜம்.

சுந்தரம் ஐயங்கார் சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தார். பிறகு ரயில்வேயில் வேலை. அதன் பிறகு வங்கி. மூன்றையும் விட்டுவிட்டார். மாதச் சம்பளம் என்பது குடும்பத்துக்கே பெருமையாக இருந்த காலத்தில் இது எளிய காரியம் அல்ல. அவருடைய அக்கிரகாரத்தில் இதை எப்படிப் பேசியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. ஆனால் பின்னால் அவர் நடத்திய தொழிலைப் பார்க்கும்போது அந்த மூன்று வேலைகளும் வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது. ஒப்பந்தம் என்றால் என்ன என்பதை நீதிமன்றமும், கடனும் வட்டியும் எப்படி வேலை செய்யும் என்பதை வங்கியும் காட்டியிருக்கும். ரயில்வே காட்டியதுதான் முக்கியம்: கால அட்டவணை. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் 1876இல் ரயில் பாதை போட்டார்கள். அடுத்த ஆண்டு பிறந்தவர் இவர். மணி அடித்தால் வண்டி நகரும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நகரும் என்ற பழக்கத்தை நம் பக்கத்து மக்கள் முதலில் கண்டது ரயிலில்தான். அந்தப் பழக்கத்தைத் தண்டவாளத்திலிருந்து மண் சாலைக்கு இறக்கி வைத்ததுதான் சுந்தரம் ஐயங்கார் செய்த முதல் காரியம்.

மதுரையைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு அவர் பஸ் தொழிலில் இறங்கினார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடிய அவருடைய பஸ் இந்தப் பகுதியின் முதல் மோட்டார் சேவைகளில் ஒன்று. பின்னாளில் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்ஸும் லாரியும் பெருகின.

அந்தக் காலத்து மோட்டார் தொழில் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அவர் செய்ததன் அருமை தெரியும். சாலைகள் கப்பி போட்டவை, பல இடங்களில் அதுவும் இல்லை. ஆற்றுக்குப் பாலம் இல்லாத இடத்தில் மணலில் இறங்கி ஏற வேண்டும். சேசிஸ் மட்டும் கப்பலில் வரும். மேலே மரத்தில் பாடி கட்டுவது உள்ளூர்த் தச்சர்களும் கொல்லர்களும். அச்சு முறிந்தால் மாற்று அச்சு வெளிநாட்டிலிருந்து வந்து சேர வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். இதில் பஸ் முதலாளிகளுக்குள் போட்டி வேறு. கூட்டம் சேரும்வரை வண்டியை நிறுத்தி வைப்பார்கள். சேர்ந்ததும் முந்திப் போகப் பறப்பார்கள். காலையில் புறப்படும் என்று நம்பி வந்தவர் வெயில் ஏறும்வரை மரத்தடியில் காத்திருப்பார். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகுதான் பெர்மிட், நேரம், வழித்தடம் எல்லாம் ஒரு கட்டுக்குள் வந்தன.

சட்டம் சொல்வதற்கு வெகு முன்பே தானாக அந்தக் கட்டுக்குள் நின்றது டி.வி.எஸ். பஸ். மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு கதைகளைச் சொல்வார்கள். ஒன்று, டி.வி.எஸ். பஸ் ஊரைக் கடக்கும்போது கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்பது. இன்னொன்று, ஆணி பொறுக்கும் வண்டி. சாலையில் மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் பஸ் டயரில் ஏறிவிடும். டயர் பஞ்சரானால் நேரம் போய்விடும். அதனால் காந்தம் பொருத்திய ஒரு வண்டியைச் சாலையில் முன்னால் ஓட விட்டு ஆணிகளை இழுத்து எடுத்தார்களாம். தலைமுறை தாண்டிச் சொல்லப்படும் கதைகளில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் ஒரு முதலாளியைப் பற்றி மக்கள் எதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதே ஒரு சான்று. அவருடைய மாளிகையையோ காரையோ பற்றிய கதை எதுவும் மதுரைப் பேச்சில் நிலைத்து நிற்கவில்லை. பஸ் நேரத்துக்கு வந்ததும், அதற்காக அவர் பட்ட பாடும்தான் நின்றிருக்கின்றன.

இங்கேதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புவது இருக்கிறது. டி.வி.எஸ். என்றதும் இன்று நினைவுக்கு வருவது தொழிற்சாலை: மோட்டார் சைக்கிள், பிரேக், சக்கரம், போல்ட்டு, நட்டு. நிறுவனரைப் போற்றும் மேடைகளில் அவரைப் பெரும் உற்பத்தியாளர் என்றே சொல்கிறார்கள். சுந்தரம் ஐயங்கார் வாழ்நாளில் பெரும்பாலும் எதையும் உற்பத்தி செய்யவில்லை. அவர் வண்டி ஓட்டுவித்தார், வண்டி விற்றார், பழுது பார்த்தார். குடும்பத்தின் பெயர்பெற்ற தொழிற்சாலைகள் எல்லாம் அவர் காலமான பிறகு எழுந்தவை. இது அவருடைய பெருமையைக் குறைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. நேரத்துக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால் பட்டறை நன்றாக இருந்தாக வேண்டும். பட்டறை நன்றாக இருக்க வேண்டுமானால் ஃபிட்டரும் டர்னரும் கைதேர்ந்தவர்களாக வேண்டும். உதிரிபாகம் கையிருப்பில் இருக்க வேண்டும். எந்தப் பாகம் எத்தனை மைலில் தேயும் என்ற கணக்கு எழுதப்பட வேண்டும். இந்தக் கணக்கும் இந்தக் கைகளும் சேர்ந்த இடத்தில்தான் பின்னால் உற்பத்தி முளைத்தது. மதுரை மேலவெளி வீதியில் இருந்த அந்த நிறுவனம் முப்பது நாற்பது ஆண்டுகள் பிறருடைய வண்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிப் படித்தது. அதை விடப் பெரிய பொறியியல் கல்லூரி அன்றைய தென்தமிழ்நாட்டில் எது?

இதற்கு நல்ல சான்று இரண்டாம் உலகப் போர்க் காலம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்கள் பல ஊர்களில் நின்றுபோயின. அப்போது டி.வி.எஸ். பட்டறை தானே வடிவமைத்துச் செய்து கொடுத்ததுதான் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். நம் தாத்தாக்கள் கரி பஸ் என்று சொன்னது இந்த வகை வண்டியைத்தான். பஸ்ஸின் பின்பக்கத்தில் ஓர் உருளை அடுப்பு. அதில் மரக்கரியைப் போட்டுப் பற்ற வைத்து, முழுதாக எரியவிடாமல் காற்றை அளந்து விட வேண்டும். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, என்ஜினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் இல்லாமலே என்ஜின் ஓடும். இழுவை குறையும், ஏற்றத்தில் திணறும். புறப்பட வேண்டிய நேரத்துக்கு வெகு முன்பே எழுந்து கரி மூட்டிக் காற்று சுழற்ற வேண்டும். வடிகட்டியை ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் என்ஜின் சிலிண்டரே தேய்ந்து போகும். இதை நம்பி ஒரு வண்டிக் கூட்டத்தையே சாலையில் ஓட விட்டார்கள் என்றால் பட்டறைக்காரர்களின் கையை நம்பினார்கள் என்று பொருள். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தைத் தாங்கி வந்த உற்பத்திப் பொருள்களின் வரிசையில் முதல் இடம் இந்தக் கரி அடுப்புக்குத்தான் என்று நான் சொல்வேன். தேவை துரத்தியபோது பழுது பார்ப்பவன் உற்பத்தியாளன் ஆனான்.

ரப்பரும் அப்படித்தான் வந்தது. 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் உலகம் முழுவதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு. தேய்ந்த டயரைத் தூக்கிப் போட முடியாத நிலை. மேல்தோலைச் செதுக்கிவிட்டுப் புது ரப்பர் ஒட்டிச் சூட்டில் வேகவைத்து மறுபடி ஓட்ட வேண்டும். டயர் ரீட்ரெடிங் என்ற அந்தத் தொழில் குடும்பத்தின் ரப்பர்த் தொழில்களில் ஒரு பெரிய பிரிவாகவே வளர்ந்தது.

போர் முடிந்து நாடு விடுதலை பெற்ற பிறகு வாகன விற்பனை பெருகியது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று நிறுவனங்கள் விரிந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு இந்தியாவின் மிகப் பெரிய விநியோகஸ்தர் சுந்தரம் மோட்டார்ஸ் என்ற நிலை 1950களில் வந்தது. அப்போது ஓர் அடி விழுந்தது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்பவர்களுக்குத்தான் இடம் என்று 1953இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் பம்பாய்த் தொழிற்சாலையை மூடிவிட்டுப் போய்விட்டது. விற்பதற்கு இருந்த பெரிய சரக்கே கையை விட்டுப் போனது.

அந்த ஆண்டிலேயே மகன் டி.எஸ். சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். முதல் இரண்டு லட்சம் ரூபாய். லாரி வாங்க வங்கி கடன் கொடுக்காத காலத்தில், ஒற்றை லாரிக்காரருக்குத் தவணைக் கடன் கொடுக்கும் தொழில் அது. அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28 அன்று, சுந்தரம் ஐயங்கார் கொடைக்கானலில் காலமானார். வயது 78.

மகன்கள் டி.எஸ். ராஜம், டி.எஸ். சந்தானம், டி.எஸ். ஸ்ரீனிவாசன், டி.எஸ். கிருஷ்ணா ஆகியோர் உற்பத்திக்குள் நுழைந்த வேகம் வியப்பாக இருக்கும். 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும், 1966இல் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். சென்னையின் பாடி என்ற புறநகர் இந்தத் தொழிற்சாலைகளால் மாறிப்போனது. சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், போல்ட்டு: இவை எல்லாம் ஒரு பஸ் முதலாளியின் பட்டறையில் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்த பாகங்கள் என்பதைக் கவனியுங்கள். முழு வண்டி செய்யக் கிளம்பாமல், வண்டியில் எது உடையும் என்று தெரிந்து அதைச் செய்யக் கிளம்பினார்கள். நாற்பது ஆண்டுக் கணக்குப் புத்தகம் பேசியது.

அதற்குப் பின்வந்த பெருமைகள் பலருக்கும் தெரிந்தவை, விரைந்து சொல்லிவிடுகிறேன். தரத்துக்கு ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசு 1998இல் சுந்தரம் கிளேட்டனுக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் டெமிங் அதுதான். 2002இல் டி.வி.எஸ். மோட்டாருக்கும் கிடைத்தது. ஒரு காலத்தில் யாருடைய கார்களை இந்தக் குடும்பம் விற்றதோ அதே ஜெனரல் மோட்டார்ஸ், 1990களில் தன்னுடைய ரேடியேட்டர் மூடிகளுக்குச் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸை நாடியது. அவர்கள் மூடிவிட்ட பிரிவின் இயந்திரங்களையே வாங்கிக் கொண்டுவந்து நிறுவி, அமெரிக்காவுக்கே மூடி அனுப்பினார்கள்.

தொழிலை விட்டு நான் இன்னும் கொஞ்சம் தங்கிப் பேச விரும்புவது மகள் சௌந்தரத்தைப் பற்றி. 1904இல் பிறந்தவர். அன்றைய வழக்கப்படி சிறுவயதில் திருமணம். கணவர் மருத்துவர், பிளேக் நோய்க்குப் பலியானார். அந்தக் குலத்தில், அந்தக் காலத்தில், இளம் விதவை என்றால் என்ன வாழ்க்கை காத்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. சௌந்தரம் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்தார். மகளைப் படிக்கவிட்டது தந்தையின் ஒரு முகம். காந்தியின் தொண்டர் ஜி. ராமச்சந்திரனை அவர் மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது பெற்றோர் ஏற்கவில்லை என்பது இன்னொரு முகம். இருவரையும் ஓராண்டு பிரிந்திருந்து பார்க்கச் சொன்ன காந்தி, அதற்குப் பிறகும் மனம் மாறாததைக் கண்டு 1940இல் தாமே மணம் செய்து வைத்தார். திண்டுக்கல் அருகே 1947இல் காந்திகிராமம் பிறந்தது. கஸ்தூர்பா மருத்துவமனையில் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த சௌந்தரம், 1962இல் மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சரானார். பத்ம பூஷண் விருதும் அந்த ஆண்டே. தந்தைக்கும் மகளுக்கும் இருந்த அந்தக் கருத்து வேற்றுமையை விழா மலர்களில் விட்டுவிடுவது வழக்கம். விடக்கூடாது என்று நினைக்கிறேன். தன் பிள்ளைகள் தன்னைத் தாண்டிப் போகும்படி வளர்த்தவர் என்று ஒருவரைச் சொல்வதற்கு, பிள்ளைகள் தாண்டிப் போன இடத்தையும் காட்டியாக வேண்டும்.

பஸ்களுக்கு என்ன ஆயிற்று? பெரிய தனியார் பஸ் நிறுவனங்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியபோது டி.வி.எஸ். பஸ்களும் அரசிடம் போயின. 1972இல் மதுரையில் பாண்டியன் ரோட்வேஸ் கார்ப்பரேஷன் உருவானது அவற்றைக் கொண்டுதான். அதிலிருந்து 1974இல் பிரிந்தது திருநெல்வேலியின் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். ஆக, வண்ணாரப்பேட்டையிலிருந்து பாபநாசத்துக்கும் திருச்செந்தூருக்கும் நாம் ஏறிப் போன கட்டபொம்மன் பஸ்ஸின் வம்சாவளியைத் தேடிப் போனால் திருக்குறுங்குடிக்காரரின் பஸ் டிப்போவில் போய் நிற்போம். தொழிலின் தாய்வேரையே அரசு எடுத்துக்கொண்டபோது அந்தக் குடும்பம் துவண்டுவிடாமல் இருந்ததற்கு, அதற்குள் வளர்ந்து நின்ற தொழிற்சாலைகள்தான் காரணம்.

நம் பள்ளத்தாக்கின் சாலைக்கு அவருடைய பெயர் இன்னொரு வழியாகத் திரும்பி வந்தது. 1980இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்தது. இருவர் உட்காரக்கூடிய மொபெட் இந்தியாவில் அதுதான் முதல். பஸ் போகாத வரப்போரத்துக்கும் அது போகும். சேரன்மகாதேவியில் வாழைத்தாரைக் குறுக்கே கட்டிக்கொண்டும், ஸ்ரீவைகுண்டத்தில் நெல் மூட்டையை முன்னால் நிறுத்திக்கொண்டும், உவரி மீன் கூடையைப் பின்னால் ஏற்றிக்கொண்டும், உடன்குடிப் பக்கம் பதநீர்க் குடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டும் போகும் அந்த வண்டியைப் பார்க்காமல் இந்தச் சீமையில் ஒரு விடியலும் இல்லை. கியர் இல்லை, பெரிய விலை இல்லை, கெட்டுப்போனால் ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். சுந்தரம் ஐயங்கார் பார்க்காத வண்டி அது. ஆனால் எங்கும் பழுது பார்க்கக்கூடிய வண்டி என்பதில் அவருடைய பட்டறையின் வாசனை இருக்கிறது.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பொதிகை மலையடிவாரம் தொழில் அதிபர்களை நிறையக் கொடுத்தது. சிம்சனைத் தலைமையாகக் கொண்ட அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் கடனாநதிக் கரையிலுள்ள ஆழ்வார்குறிச்சிக்காரர். இந்தியா சிமெண்ட்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஸ்.என்.என். சங்கரலிங்கையர் கல்லிடைக்குறிச்சிக்காரர். இவர்களில் சங்கரலிங்கையரின் தொழிற்சாலைதான் ஆற்றுப் படுகையை விட்டுப் போகாமல் 1949இல் தாழையூத்தில் புகை விட்டது. சங்கர் நகர் என்று ஓர் ஊரே அவர் பெயரில் எழுந்தது. அதற்கு முன் பாபநாசத்தில் ஆற்றின் வீழ்ச்சியையே சக்தியாகக் கொண்டு மில் கட்டியவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள். மற்றப்படி நம்மவர்களின் மூலதனமும் திறமையும் மதுரைக்கும், செம்பியத்துக்கும், பாடிக்கும், ஓசூருக்கும் போயின. துறைமுகம், பெரிய சந்தை, வாகன ஆலைகளின் அருகாமை என்று காரணங்களைத் தொழில் வரலாறு அடுக்கும். அவை சரியான காரணங்கள்தான். ஆனாலும் வேலை தேடி ஓசூர் போய் டி.வி.எஸ். ஆலை வாசலில் நிற்கும் நாங்குநேரிப் பையனைப் பார்க்கும்போது மனம் கேட்கத்தான் செய்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலையும் சூரிய மின்தகட்டு ஆலையும் வந்திருப்பது நூறாண்டுக்குப் பிறகாவது கிடைத்த ஆறுதல்.

குடும்பம் ஊரை மறந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. திருக்குறுங்குடி நம்பி கோயில் திருப்பணியிலும், தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதிக் கோயில்களின் சீரமைப்பிலும் பேரன் வேணு ஸ்ரீனிவாசன் எடுத்துக்கொண்ட அக்கறை ஊரறிந்தது. 1996இல் தொடங்கிய ஸ்ரீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் இந்தப் பகுதிக் கிராமங்களில் பெண்கள் சுய உதவிக் குழு, நீர்நிலை, பள்ளி, கால்நடை என்று வேலை செய்து வருகிறது. குடும்பக் கிளைகள் தத்தம் தொழில்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் நிறைவேறியது. நான்கு தலைமுறை ஒரே குடையின் கீழ் இருந்துவிட்டு, நீதிமன்றம் ஏறாமல் பிரிந்துகொண்டது இந்தியத் தொழில் குடும்பங்களில் அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லை.

இவ்வளவும் முதலாளிகளின் பக்கத்திலிருந்து எழுதக் கிடைக்கும் வரலாறு. கரி பஸ்ஸுக்கு விடியுமுன் அடுப்பு மூட்டிய கிளீனர், சாலையில் ஆணி பொறுக்கும் வண்டியை ஓட்டியவர், மேலவெளி வீதிப் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவர், டிக்கெட் கிழித்த கண்டக்டர் ஆகியோரின் பக்கம் இன்னும் எழுதப்படவே இல்லை. அவர்களில் பலர் இந்தச் சீமையிலிருந்து மதுரைக்குப் பிழைக்கப் போனவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் இருக்கிறார்கள். பழைய டிக்கெட்டோ, சம்பளச் சீட்டோ, பட்டறையில் நின்று எடுத்த படமோ, தாத்தா சொன்ன ஒரு சம்பவமோ வீட்டில் இருந்தால் அதை மலர்க் குழுவினரிடம் கொடுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அடுத்த மலரில் அந்தப் பக்கத்தை எழுதிவிடலாம்.